தொட்டியைக் கழுவிய மறுநாள் மீன்கள் ஏன் இறக்கின்றன?

மீன் தொட்டி கலங்கியதும் நீர் முழுவதையும் வெளியேற்றி, கூழாங்கற்களையும் ஃபில்டர் பஞ்சையும் குழாய் நீரில் தேய்த்துக் கழுவி, புதுநீர் நிரப்புவதையே சுத்தம் என்று பலர் கருதுகின்றனர். கண்ணாடிபோல் தெளிந்த அந்நீரில் ஓரிரு நாள்களுக்குள் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திணறுகின்றன. சில இறந்தும் போகின்றன.

மீன்கள் புரதத்தைச் செரித்தபின் எஞ்சும் நைட்ரஜனைப் பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள்களின் வழியே வெளியேற்றுகின்றன. தின்னாமல் விட்ட தீனி அழுகும்போது அது மேலும் கூடுகிறது. நைட்ரோசோமோனாஸ் முதலிய பாக்டீரியாக்களும் ஆர்க்கியா வகை நுண்ணுயிரிகள் சிலவும் இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அம்மோனியாவைப் போலவே நைட்ரைட்டும் நஞ்சுதான்: அது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க இயலாததாக்கிவிடுவதால், நீரில் ஆக்சிஜன் போதிய அளவு இருந்தாலும் மீன் மூச்சுத் திணறும். நைட்ரோஸ்பைரா என்னும் பாக்டீரியா இந்த நைட்ரைட்டை, நச்சுத்தன்மை மிகக் குறைந்த நைட்ரேட்டாக்குகிறது. நைட்ரோஸ்பைராவின் சில வகைகள் இவ்விரு படிகளையும் தாமே முடித்துவிடுகின்றன என்பது 2015இல்தான் தெரியவந்தது. இவ்வுயிரிகள் நீரில் மிதப்பதைவிடப் பஞ்சிலும் கற்களிலும் மெல்லிய படலமாக ஒட்டியே வாழ்கின்றன. மிக மெதுவாகவே பெருகுவதால், புதுத் தொட்டியில் அவை போதிய அளவு வளர 4 முதல் 6 வாரங்கள் ஆகின்றன. குளோரின் கலந்த குழாய் நீரில் பஞ்சைத் தேய்த்துக் கழுவுவது இப்படலத்தைச் சிதைத்துவிடக்கூடும்; அப்போது அம்மோனியாவும் நைட்ரைட்டும் நீரில் தேங்கும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே பஞ்சை இலேசாகப் பிழிந்தால் போதும்.

இரண்டாவது காரணம் எளிதில் புலப்படாதது; நீண்ட காலம் நீர் மாற்றாத தொட்டிகளுக்கு உரியது. நீரில் அம்மோனியா இரு வடிவங்களில் உள்ளது: செவுளை எளிதில் ஊடுருவும் நச்சு வடிவம் ஒன்று, தீங்கு மிகக் குறைந்த அம்மோனியம் அயனி மற்றொன்று. 25 டிகிரி செல்சியஸில், நீர் அமிலமா காரமா என்பதைக் காட்டும் பிஎச் அளவு 7ஆக (நடுநிலை) இருந்தால் மொத்தத்தில் ஏறத்தாழ அரை சதவீதமே நச்சு வடிவம். பிஎச் 8இல் அது 5 சதவீதம். 9இல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுகிறது. அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் வேலை அமிலத்தை உண்டாக்கி நீரின் காரத்தன்மையை, அதாவது அமிலத்தை ஈடுகட்டும் திறனை, தின்றுகொண்டே வருவதால், மாதக்கணக்கில் நீர் மாற்றாத தொட்டியில் பிஎச் படிப்படியாக இறங்கும். அமில நீரில் பாக்டீரியாக்கள் மந்தமாகிவிட, அம்மோனியா தேங்கும். ஆனால் பெரும்பகுதி அம்மோனியமாகவே இருப்பதால் மீன்கள் தாக்குப்பிடிக்கும். இந்நிலையில், சென்னையின் பல பகுதிகளில் கிடைப்பதுபோன்ற கடினமான போர்வெல் நீரைப் பாதித் தொட்டிக்கு ஒரேயடியாக ஊற்றினால், பிஎச் ஏறி, எஞ்சிய நீரில் தேங்கியிருந்த அம்மோனியத்தில் ஒரு பகுதி உடனே நஞ்சாகிவிடும். பழைய நீரில் பிழைத்திருந்த மீன், நல்ல நீர் வந்த பிறகு சாவது இதனால்தான்.

ஆகவே வாரந்தோறும் கால் பங்கு நீர் மாற்றுவதே பாதுகாப்பானது. நெடுநாள் கவனிக்காத தொட்டியில் பத்தில் ஒரு பங்காகத் தொடங்க வேண்டும். மாநகராட்சி நீராயின் கடைகளில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சேர்ப்பது நல்லது. ஆர்ஓ நீரை மட்டும் ஊற்றுவதை நான் ஏற்கமாட்டேன். அதில் காரத்தன்மை ஏறக்குறைய இல்லாததால் பிஎச் விரைவில் சரியும்.

கோடையில் ஏர் பம்பை நிறுத்தவே கூடாது. 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரையும் ஆக்சிஜன், 30 டிகிரியில் சுமார் 7.5ஆகக் குறைகிறது, மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் தேவையோ கூடுகிறது. பல மணி நேர மின்தடைக்குப் பின், மூடிய ஃபில்டருக்குள் ஆக்சிஜன் தீர்ந்து தேங்கிய நீரைக் கொட்டிவிட்டே அதை மீண்டும் இயக்க வேண்டும்.