மாட்டுக்கு எதற்குச் சிறகு?

அங்காராவின் அனத்தோலிய நாகரிக அருங்காட்சியகத்தில், முக்காலி மேல் உட்கார்ந்திருக்கிறது ஒரு பெரிய வெண்கலக் கொப்பரை. துருக்கியில் எர்சின்ஜான் பக்கத்து அல்த்தின்தெபே மேட்டில் 1938-ல் கிடைத்தது. தோள்பட்டையில் நான்கு காளைத் தலைகள் வெளியே பார்க்கின்றன. முக்காலியின் கால்கள்கூடக் குளம்பில்தான் முடிகின்றன. ஆனால் காளைக் கழுத்தின் இருபுறமும் பறவைச் சிறகு விரிந்திருக்கிறது. மாட்டுக்கு எதற்குச் சிறகு?

இதைச் செய்தவர்கள் உரார்ட்டு மக்கள். கி.மு. 9 முதல் 7-ஆம் நூற்றாண்டு வரை வான் ஏரியைச் சுற்றி ஆண்டவர்கள். அவர்கள் வழிபாட்டில் காளை, இடிமழைத் தெய்வமான தெய்ஷெபாவின் வாகனம். அது காளைக்கான சமயக் காரணம். சிறகுக்குப் பட்டறைக் காரணமும் ஒன்று இருக்கிறது.

கொப்பரையின் உடல் வார்த்ததல்ல, தட்டி எடுத்தது. அவ்வளவு பெரிய பாத்திரத்தை மெல்லிய சுவரோடு வார்ப்பது பெரும்பாடு. உலோகம் அச்சு முழுக்க ஓடிப் பரவும் முன்பே உறைந்துவிடும். அதனால் தகட்டைச் சுத்தியலால் அடித்துக் குழிக்கிறார்கள். அடிக்க அடிக்க வெண்கலத்தின் படிகங்கள் நசுங்கி, உலோகம் விறைத்துப்போகும். அதற்கு மேலும் அடித்தால் விரிசல்தான். எனவே மங்கலான சிவப்பு வரும்வரை காய்ச்சுகிறார்கள். படிகங்கள் புதிதாக உருவாகி, உலோகம் மறுபடி இளகிக்கொடுக்கும். அப்புறம் மீண்டும் சுத்தியல், மீண்டும் நெருப்பு.

காளைத் தலை வேறு சங்கதி. கொம்பு, காது, நெற்றிச் சுருள்முடி எல்லாம் திரண்டு நிற்க வேண்டும் என்பதால் அது அச்சில் வார்த்தது, கனமானது. இந்தக் கனத்தை மெல்லிய சுவரில் எப்படி ஒட்டுவது? உருகிய வெண்கலம் கிட்டத்தட்ட 1,000 டிகிரி செல்சியஸ். நேரடியாக ஊற்றினால் சுவர் கோணும், ஓட்டையும் விழலாம். ஆணி அடித்து முனையைத் தட்டி இறுக்கினால் சூடே தேவையில்லை. ஆனால் தலை வெளியே துருத்தி நிற்பதால், அதன் எடை சுவரைப் பிடித்துத் திருகும். அந்த விசை ஒரே ஆணியில் விழுந்தால் தகடு கிழிந்துபோகும். அகலமான தட்டு ஒன்றை இடையில் வைத்துப் பல ஆணிகளால் பிணைத்தால் விசை பரவிவிடும். அந்தத் தட்டுதான் சிறகும் வாலுமாக வடிவெடுத்திருக்கிறது! வேலைக்கு வேண்டிய தட்டை இவ்வளவு அழகாக ஒளித்துவைத்த கன்னானை எனக்கு ரொம்பப் பிடிக்கிறது.

இந்த மாதிரிக் கொப்பரைகள் கோயில் பாத்திரங்களும்கூட. கி.மு. 714-ல் அசீரிய மன்னன் இரண்டாம் சார்கோன் முசாசிர் நகரில், உரார்ட்டு மக்களின் தலைமைத் தெய்வமான ஹல்தியின் கோயிலைக் கொள்ளையடித்தான். அந்தக் காட்சியைச் செதுக்கிய அவன் அரண்மனைச் சிற்பத்தில், கோயில் வாசலில் முக்காலிகள் மேல் இரண்டு கொப்பரைகள் நிற்கின்றன.

இன்று முழுக் கொப்பரைகள் அரிது. மண்ணுக்குள் மெல்லிய சுவர் பச்சைப் பொடியாக அரித்துப்போக, தடித்த வார்ப்பு தாக்குப்பிடிக்கிறது. அதனால் பல அருங்காட்சியகங்களில் தலைகள் மட்டும் தனியாக இருக்கின்றன. அப்படி ஒன்றைப் பார்க்க வாய்த்தால், முகத்தைப் பார்த்துவிட்டு உடனே நகர வேண்டாம். சிறகில் ஆணித் துளைகளைத் தேடுங்கள்.