ஸ்லோ குக்கரில் கிட்னி பீன்ஸ் போடுகிறவர்கள் கவனத்துக்கு

மறுபடியும் அதே கதை. உணவு நஞ்சாதல் இலங்கையில் கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோய். ஆஸ்பத்திரியில் அந்தச் சந்தேகத்தோடு யாராவது சேர்ந்தால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குத் தகவல் வரும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களாகிய நாங்கள் வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டும். போன கிழமை அப்படிப் போன வீட்டில் தாய்க்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் அம்மம்மாவுக்கும் விடாத வாந்தி. முதல் நாள் இரவு கொத்துரொட்டி வாங்கின கடையை இழுத்து மூட வேண்டும் என்று தகப்பன் கொதித்துக்கொண்டு நின்றார்.

ஆனால் அம்மம்மா கொத்தைத் தொடவே இல்லை. கொத்தை வயிறு நிறையச் சாப்பிட்டு, மத்தியானம் வேலைத்தலத்தில் சாப்பிட்ட தகப்பனுக்கு ஒன்றுமே இல்லை. வாந்தி தொடங்கியது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, இரண்டு மணித்தியாலத்துக்குள். அடுப்படியில் லண்டனிலிருந்து வந்த ஸ்லோ குக்கர் இருந்தது, குறைந்த சூட்டில் மணிக்கணக்காக அவிக்கிற மின்சாரப் பானை. அதற்குள் பூசணிக்காய் போட்ட சிவப்பு கிட்னி பீன்ஸ் கறி.

“பீன்ஸை எப்படிப் போட்டனீங்கள் அக்கா?”

“ராத்திரி படுக்கேக்க போட்டுவிட்டனான் தம்பி. எட்டு மணித்தியாலம் அவிஞ்சிருக்கு. நல்லா மசிஞ்சுதான் இருந்தது.”

“ஊறப்போட்டனீங்களோ?”

“ஓம், பின்னேரமே ஊறப்போட்டனான். அந்தத் தண்ணியோடயே போட்டனான். ஊத்தினா சத்துப் போயிடுமெல்லோ?”

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அந்த அக்காவில் பிழை இல்லை. யாரும் அவவுக்குச் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கிட்னி பீன்ஸுக்குள் பைற்றோஹீமக்குளூட்டினின் என்று ஒரு புரதம் இருக்கிறது. பல அவரையினங்களில் கொஞ்சம் கொஞ்சம் உண்டு, சிவப்பு கிட்னி பீன்ஸில்தான் மிக அதிகம். வேகாத நாலைந்து கொட்டையே ஒரு ஆளைப் படுக்கப் போடப் போதும். சாப்பிட்டு ஒன்றிலிருந்து மூன்று மணித்தியாலத்துக்குள் கடும் குமட்டல், வாந்தி, பிறகு வயிற்றோட்டம். 1976இல் இங்கிலாந்தில் விடுமுறைக்குப் போன பாடசாலைப் பையன்கள், ஊறவைத்த பீன்ஸை வேகவைக்காமலே சாப்பிட்டு விழுந்தார்கள். அதன் பிறகுதான் அந்த நாட்டில் இதைக் கவனிக்கத் தொடங்கினார்கள்.

சரி, இனி என்னைக் கோபப்படுத்துகிற விஷயம். “மசிந்துவிட்டது, அப்படியென்றால் வெந்துவிட்டது, வெந்துவிட்டது, அப்படியென்றால் நஞ்சு போய்விட்டது.” இல்லை. மசிவது வேறு, நஞ்சு அழிவது வேறு. பீன்ஸ் மசிவதற்கு ஈரமும் நேரமும் போதும். 80 பாகையில் கிடந்தாலும் விடியும்போது விரலால் நசுக்கலாம். நஞ்சு அழிவதற்குத் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும், அதாவது 100 பாகை செல்சியஸ். அந்தக் கொதியில் பத்து நிமிடத்தில் முடிகிற வேலை, 80 பாகையில் எட்டு மணித்தியாலம் கிடந்தாலும் முடியாது. முடியாதது மட்டுமல்ல, அந்தச் சூட்டில் அரைகுறையாக வெந்த பீன்ஸின் நச்சுத்தன்மை வேகவைக்காத பீன்ஸைவிடப் பல மடங்கு கூடலாம். ஸ்லோ குக்கருக்குள் சூடு 75 பாகையைத் தாண்டாமலே நிற்பதும் உண்டு. மூடியில் நீர் முத்துமுத்தாக நிற்பதையும் ஓரத்தில் இரண்டு குமிழி வருவதையும் கொதி என்று நினைக்காதீர்கள். நேரத்தைக் கூட்டிச் சூட்டின் குறையை ஈடுசெய்ய முடியாது. பத்து மணித்தியாலம் வைத்தாலும் அதே கதைதான். உப்பு, மஞ்சள், உள்ளி, பெருங்காயம் எதுவும் இதற்கு மருந்து அல்ல. “வாய்வுக்கு உள்ளி போட்டனான்” என்பார்கள். இது வாய்வுத் தொல்லையே இல்லை.

செய்யவேண்டியது சின்ன வேலை. குறைந்தது ஐந்து மணித்தியாலம் ஊறவிடுங்கள். அந்தத் தண்ணீரை வெளியே ஊற்றிவிடுங்கள், சத்தை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். புதுத் தண்ணீர் விட்டு, சாதாரணப் பானையில், அடுப்பில், கொட்டைகள் மேலும் கீழும் புரளுகிற கொதியில் பத்து நிமிடம் வையுங்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் முப்பது நிமிடம் என்கிறது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் நானும் முப்பது என்றுதான் சொல்வேன். அந்தத் தண்ணீரையும் வெளியே ஊற்றிவிட்டுக் குக்கரில் போடுங்கள். அப்புறம் எத்தனை மணித்தியாலம் வேண்டுமானாலும் கிடக்கட்டும். ரின்னில் வருகிற பீன்ஸ் ஏற்கெனவே வெந்தது, பயமில்லை. கடலை, கௌபிக்கு இவ்வளவு பயம் இல்லை. ஆனாலும் ஊறவைத்து ஒரு கொதி கொதிக்கவைத்துப் போடுவதில் நட்டமில்லை.

மரவள்ளிக்கிழங்கையும் தயவுசெய்து ஸ்லோ குக்கருக்குள் போடாதீர்கள். அதில் சயனைட்டை வெளிவிடும் பொருள் உண்டு. தோல் உரித்து, சின்னத் துண்டுகளாக வெட்டி, நிறையத் தண்ணீரில் திறந்த பானையில் கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரை வெளியே ஊற்ற வேண்டும். ஆவி வெளியேற வேண்டிய கிழங்கை எட்டு மணித்தியாலம் மூடி வைப்பது எந்த வகையில் சரி? மரவள்ளியோடு இஞ்சி சேரக்கூடாது என்று ஊரெல்லாம் பயப்படுகிறது, மூடியைத் திறந்து அவிக்க வேண்டும் என்பதை எவரும் சொல்வதில்லை.

நான் ஸ்லோ குக்கருக்கு எதிரி இல்லை. எரிவாயு விற்கிற விலையில் ஒரு குடும்பம் இதை நாடுவது எனக்கு நன்றாகவே விளங்குகிறது. 200 வாட் குக்கர் எட்டு மணித்தியாலத்துக்கு ஒன்றரை அலகுக்குச் சற்றுக் கூட எடுக்கும். (மாதம் 60 அலகைத் தாண்டினால் கட்டண அடுக்கு மாறும், அதையும் கணக்கில் வையுங்கள்.) கால் கிலோ காய்ந்த பீன்ஸில் ஐம்பது கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் ஒரு கீற்றுப் பூசணியும் இரண்டு முருங்கைக்காயும் வாங்கிச் சேர்த்தால் ஐந்து பேருக்குக் கறி. மீன் வாங்க முடியாத நாளில் அது பெரிய உதவி. பழப்புளியைக் கடைசியில் விடுங்கள். முதலிலேயே விட்டால் பீன்ஸ் மசியாது. தேங்காய்ப்பாலும் அப்படித்தான், முதற்பாலை இறக்குகிற நேரத்தில் விட்டால் திரையாது.

இறைச்சி போடுகிறவர்களுக்கும் சொல்ல வேண்டும். டீப் பிரீசரில் இருந்து எடுத்த கோழியைக் கல்லுப்போல அப்படியே போடாதீர்கள். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் நடுவில் கிடக்கிற நேரமெல்லாம் கிருமி பெருகுகிற நேரம். உறைந்த கோழி அந்த இடைவெளியைக் கடக்க மணிக்கணக்காகும். முதல் நாளே பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளக விடுங்கள். பானை அரைவாசிக்குக் குறையவும் கூடாது, மூன்றில் இரண்டு பங்குக்கு மேலே போகவும் கூடாது. சும்மா சும்மா மூடியைத் திறக்காதீர்கள். ‘வார்ம்’ என்று இருக்கிற சுவிட்ச் வெந்த சாப்பாட்டைச் சூடாக வைத்திருக்க மட்டும். பழைய கறியை அடுப்பில் கொதிக்கவைத்துச் சூடாக்குங்கள், குக்கரில் அல்ல.

கரண்ட் போனால்? வீட்டில் நின்றால் உடனே அடுப்புக்கு மாற்றுங்கள். வேலைக்குப் போய்த் திரும்பி வரும்போது மணிக்கூடு மினுங்கிக்கொண்டு நின்று, எவ்வளவு நேரம் கரண்ட் இல்லை என்று தெரியாவிட்டால், மணத்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். கொட்டிவிடுங்கள். மனம் வராது, தெரியும். ஆனாலும் கொட்டுங்கள்.

இன்னொன்று, இது என் வேலை இல்லை, ஆனால் பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கனடாவிலிருந்து வருகிற குக்கர் 120 வோல்ட்டுக்கானது. எங்கள் வீட்டுக் கரண்ட் 230. பிளக்கை மட்டும் மாற்றிச் செருகினால் ஏறத்தாழ நாலு மடங்கு சூடு இழுத்துப் புகைந்துபோகும், தீயும் பிடிக்கலாம். அந்த வாட்டைத் தாங்கும் ட்ரான்ஸ்போமர் இல்லாமல் தொடாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் யாருக்காவது வாந்தி தொடங்கினால் ஜீவனி (உப்பு-சர்க்கரைக் கரைசல் தூள்) கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சின்னப் பிள்ளை, வயது போனவர், கர்ப்பிணி என்றால் காத்திருக்க வேண்டாம், 1990 அம்புலன்ஸுக்கு எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்குச் சாப்பிட்டது என்பதை அங்கே ஒளிக்காமல் சொல்லுங்கள். அப்புறம் ஒரு மன்றாட்டம்: வெட்கப்பட்டு அந்தக் கறியைக் கொட்டிப் பானையைக் கழுவி வைக்காதீர்கள். ஒரு கிண்ணத்தில் எடுத்து, மூடி, ஒருவரும் தொடக்கூடாது என்று எழுதிப் பிரிட்ஜில் வையுங்கள். நாங்கள் வரும்போது எங்களுக்கு முதலில் வேண்டியது அதுதான்.