சிங்கிரெட்டிசம்: சமயக் கலப்பா, கலப்படமா?

பூர்வகுடிகளின் வாய்மொழிச் சமய மரபும் கிறித்துவமும் சேர்ந்து உருவான வழிபாடுகளைப் பற்றிய கட்டுரைகளைத் தமிழாக்குவோர், சமயங்கள் ஒன்றோடொன்று கலப்பதைக் குறிக்கும் 'சிங்கிரெட்டிசம்' (syncretism) வருமிடத்தில் 'சமயக் கலப்படம்' என்று எழுதுவது வழக்கமாகிவருகிறது. பிழையான இந்தப் பெயர்ப்பு, வழிபடும் மக்கள்மீது அவதூறாகவும் முடிகிறது.

மூலச்சொல் கிரேக்கம். தமக்குள் சண்டையிட்டுக்கொண்டிருந்த கிரீட் தீவினர் வெளிப்பகை வந்தபோது ஒன்றுகூடியதற்கு இப்பெயர் என்கிறார் பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க். 17ஆம் நூற்றாண்டில், கிறித்துவப் பிரிவுகளை இணக்கப்படுத்த முயன்ற லுத்தரன் இறையியலாளர் கலிக்ஸ்டசின் எதிரிகள் இதை வசைச்சொல்லாக்கினர்.

அந்த வசையைத்தான் 'கலப்படம்' தமிழுக்குள் கொண்டுவருகிறது. கலப்படம் என்றால் முன்பே தூய சரக்கு ஒன்று இருந்திருக்க வேண்டும். அதைக் கெடுத்து மறைத்தவனும் ஏமாந்தவனும் இருக்க வேண்டும். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளிடையே தோன்றிய ரிங்காத்தூ சமயத்தில் இம்மூன்றையும் எங்கே தேடுவது? விசாரணையின்றிச் சாத்தம் தீவுகளில் சிறைவைக்கப்பட்டு, 1868இல் தப்பி வந்த மாவோரித் தலைவர் தே கோத்தி நிறுவிய அச்சமயத்தில், விவிலியப் பகுதிகளும் வேண்டுதல்களும் பாடல்களும் மனப்பாடமாகவே மாவோரி மொழியில் ஓதப்படுகின்றன. அச்சிட்ட நூலின் மறைமொழியை, ஓதியே காக்கும் தம் பழைய முறைக்குள் அம்மக்கள் வெளிப்படையாகவே எடுத்துக்கொண்டார்கள். மேலும், எழுதிவைத்த மூலபாடம் இல்லாத வாய்மொழி மரபில், எந்தத் தலைமுறை ஓதியதைத் தூயது என்று கொண்டு மற்றதைக் கெட்டது என்பது? இக்கேள்வியை எழுப்பாமலே தீர்ப்பெழுதிவிடுகிறார்கள் நம் மொழிபெயர்ப்பாளர்கள்.

'சமய ஒருங்கிணைப்பு' என்பாரும் உளர். ஒருங்கிணைப்புக்கு மேலிருந்து திட்டமிடும் ஒருவர் தேவை. மனத்தோற்றங்களைத் தரும் பெயோட்டி என்னும் கள்ளியை உண்டு, இரவு முழுவதும் பாடி, பலர் இயேசுவையும் வேண்டும் சடங்கு, 1918இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் 'பூர்வகுடி அமெரிக்கச் சபை' என்று பதிவாவதற்கு வெகுமுன்பே பல குடிகளிடையே பரவியிருந்தது. பதிவு, சட்டத்தின் தடைகளிலிருந்து சடங்கைக் காக்கும் ஏற்பாடு. இணைத்தவர் என்று எவரையும் சுட்ட முடியாது.

தொல்காப்பியர் 'கலந்த மயக்கம் உலகம்' என்றபோது ஐம்பூதங்களின் கலப்பையே குறித்தார். ஒரு திணைக்குரியது மற்றொன்றில் கலப்பதைச் சொல்லும் திணைமயக்கத்திலும் மயக்கம் என்றால் கலப்பே. 'சமய மயக்கம்' என்பதே எனக்கு உவப்பு. ஆனால் இன்றைய வாசகர் அதைக் குழப்பம் என்றே படிப்பார். ஆகவே 'சமயக் கலப்பு' போதும்: எளியது, பழி சுமத்தாதது. நிகழ்வைக் குறிக்க மட்டும் அதைப் பயன்படுத்த வேண்டும். ரிங்காத்தூவினரின் சமயத்தைக் 'கலப்புச் சமயம்' என்று எழுதாமல், அவர்கள் வைத்த பெயராலேயே ரிங்காத்தூ என்று எழுத வேண்டும்.