மொறிஸ் மைனரும் ஆறு செக்கனும்

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் பெரியப்பாவிடம் ஒரு பழைய மொறிஸ் மைனர் கார் நிற்கிறது. ஓடுகிறது என்றும் சொல்லலாம், ஆனால் நிற்கிற நேரம்தான் கூட. பொனற்றைத் திறந்துவைத்துக்கொண்டு அவர் அடிக்கடி சொல்வார்: "தம்பி, இதே எஞ்சினைத் தூக்கிப் போட்டுத்தான் வெள்ளைக்காரன் ஸ்போர்ட்ஸ் காரும் விட்டவன்." சின்ன வயதில் நாங்கள் இதைப் பெரியப்பாவின் வழக்கமான புளுகுகளோடு சேர்த்துவிட்டோம். பின்னாளில் தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மனுசன் சொன்னது உண்மை.

1958இல் வந்த ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற், இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய கூரையில்லாத கார், அதாவது ரோட்ஸ்டர். அதன் மூக்குக்குள் இருந்தது மொறிஸ் மைனர் 1000இன் அதே 948 சீசீ எஞ்சின். காற்றையும் பெற்றோலையும் கலந்து கொடுக்கிற காபரேற்றர் ஒன்று இருந்த இடத்தில் இரண்டு பூட்டினார்கள். மைனரில் 37 ஆக இருந்த பரிவலு 43 ஆனது. ஆறே ஆறு பரிவலு கூடுதல். ஆனால் மைனர் 750 கிலோ அளவில் நிறுக்க, ஸ்பிறைற் சுமார் 650 கிலோதான். பின் கதவு, பின் இருக்கை, கூரை எதுவும் இல்லை. டிக்கிக்குக்கூட வெளியிலிருந்து திறக்கும் மூடி கிடையாது. சாமான் வைப்பதென்றால் இருக்கையை மடித்து உள்ளுக்குள்ளால் தள்ள வேண்டும்.

அந்தக் கார் நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல், அதாவது 97 கிலோமீற்றர் வேகத்தை எட்ட 20.5 செக்கன் எடுத்தது என்று அந்த ஆண்டுப் பரிசோதனை ஒன்று சொல்கிறது. இன்றைக்குச் சந்தைக்குப் போகிற குடும்பக் கார்கள் பலவும் அதை முந்திவிடும். ரோட்ஸ்டர் என்று இன்று பேர் எடுத்த கார்களில் பல இதே வேலையை ஆறு செக்கன் அளவில் முடிக்கின்றன. இடையில் இருக்கிற அந்தப் பதினான்கு செக்கன் எங்கே போனது?

பள்ளிக்கூடத்தில் படித்த ஆர்முடுகலிலிருந்து தொடங்கலாம். மணிக்கு 100 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு 27.8 மீற்றர். அதை ஆறு செக்கனில் அடைந்தால் சராசரி ஆர்முடுகல் 4.6 வரும், அதாவது ஒவ்வொரு செக்கனும் வேகம் செக்கனுக்கு 4.6 மீற்றரால் கூடுகிறது. மாங்காய் மரத்திலிருந்து விழும்போது அதற்குக் கிடைக்கும் ஆர்முடுகல் 9.8. ஆக, அந்தக் காரில் இருப்பவர் முதுகுப் பக்கமாக மாங்காயின் ஆர்முடுகலில் ஏறத்தாழ அரைவாசியோடு "விழுந்துகொண்டு" போகிறார். வயிற்றுக்குள் ஏதோ செய்வது அதனால்தான்.

சக்தியின் பக்கமிருந்து பார்த்தால் கதை இன்னும் தெளிவாகும். ஆயிரம் கிலோ காரை 100க்குக் கொண்டுபோக ஏறத்தாழ 3,86,000 யூல் சக்தி வேண்டும். இந்தக் கணக்கில் வேகம் வர்க்கமாக வருகிறது. அதனால் 0இலிருந்து 50க்குப் போவதற்கு இதில் கால்பங்கு போதும், 50இலிருந்து 100க்கு மிச்ச முக்கால்பங்கும் வேண்டும். பாதி தூரம் ஏறிவிட்டோம் என்று எஞ்சின் நினைக்கிற இடத்தில்தான் உண்மையான ஏற்றம் தொடங்குகிறது. முழுவதையும் ஆறு செக்கனில் கொடுக்க வேண்டுமென்றால் சராசரியாக 86 பரிவலு சில்லுக்குப் போய்ச் சேர வேண்டும். சராசரி என்ற சொல்லைக் கொஞ்சம் மனதில் வைத்திருங்கள், அது பிறகு வரும்.

இந்தக் கணக்கில் நாம் கை வைக்கக்கூடிய இடம் இரண்டு. வலுவைக் கூட்டலாம், அல்லது திணிவைக் குறைக்கலாம். இரண்டாவதை எங்கள் ஊர் மாட்டுவண்டிச் சவாரிக்காரர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். நெல் ஏற்றும் வண்டியைச் சவாரித் திடலுக்குக் கொண்டுவந்து யாரும் மாடு பூட்டுவதில்லை. சவாரி வண்டி வேறு, மெலிந்த வண்டி. மாட்டை மாற்றுவதைவிட வண்டியை மாற்றுவது சுலபம்.

கார்களில் இதற்கு நல்ல சாட்சி 1996இல் வெளிவந்த இரண்டு ரோட்ஸ்டர்கள். ஒன்று போர்ஷே பொக்ஸ்ரர்: 204 பரிவலு, சுமார் 1,250 கிலோ. மற்றது லோட்டஸ் எலீஸ்: 118 பரிவலு, 725 கிலோ அளவு. பரிவலுவை மட்டும் பார்த்தால் எலீஸ் பக்கத்திலும் வர முடியாது. ஆனால் சாரதியின் 75 கிலோவையும் சேர்த்து ஒரு தொன்னுக்கு எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். பொக்ஸ்ரருக்கு 154, எலீஸுக்கு 147. கிட்டத்தட்ட ஒன்றுதான். 100ஐத் தொட எலீஸ் ஆறு செக்கன் அளவில் எடுத்தது, பொக்ஸ்ரர் ஏழுக்குச் சற்றுக் குறைவாக. எலீஸின் சட்டகம் அலுமினியத் துண்டுகளைப் பசைபோட்டு ஒட்டிச் செய்தது. அதன் நிறை 68 கிலோ. ஒரு காரின் எலும்புக்கூடு முழுவதும் ஒரு ஆளின் நிறை என்பதை முதலில் வாசித்தபோது நான் நம்பவில்லை.

இதில் ஒரு முரண் இருக்கிறது. கூரையை வெட்டினால் கார் இலேசாகும் என்றுதான் நினைப்போம். ஆனால் கூரை வெறும் குடை அல்ல, காரின் உடல் முறுகாமல் பிடித்துவைத்திருப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. மூடியோடு இருக்கிற அட்டைப்பெட்டியை முறுக்கிப் பாருங்கள், பிறகு மூடியைக் கழற்றிவிட்டு முறுக்கிப் பாருங்கள், விளங்கும். சாதாரணக் காரின் கூரையை வெட்டித் திறந்த கார் ஆக்குகிறவர்கள் அடிப்பக்கத்தில் இரும்பு சேர்த்து அதை ஈடுகட்டுகிறார்கள். அதனால் அது முந்தியதைவிடப் பாரமாகிறது. ஆரம்பத்திலிருந்தே கூரையில்லாமல் வடிவமைத்த காருக்கு இந்தத் தொல்லை குறைவு. 1989இல் வந்த மஸ்டா எம்எக்ஸ்-5 அந்த வகை. 1.6 லீற்றர் எஞ்சின், 115 பரிவலு அளவு, ஒரு தொன்னுக்கும் குறைந்த நிறை. 100க்குப் போக ஒன்பது செக்கன் வரை எடுத்தது, அது ஒரு பெரிய சாதனை அல்ல. ஆனாலும் 2016இல் அதன் பத்து இலட்சமாவது கார் வெளிவந்தது. செக்கனை மட்டும் பார்த்து ஆட்கள் ரோட்ஸ்டர் வாங்குவதில்லை என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

சரி, வலுவைக் கூட்டிக்கொண்டே போனால்? அங்கே குறுக்கே நிற்பது ரயர். உலர்ந்த தார் வீதியில் நல்ல ரயர் தன்மேல் அழுத்துகிற பாரத்தின் அளவுக்குத்தான் காரைத் தள்ள முடியும். அதற்கு மேலே கேட்டால் சில்லு நின்ற இடத்திலேயே சுழன்று புகை விடும். எஞ்சின் இரண்டு சில்லை மட்டும் சுழற்றுகிறது என்றால் அந்த இரண்டின்மேல் இருக்கிற பாரம்தான் கணக்கு.

பின் கரியரில் அரிசி மூட்டை கட்டிய சைக்கிளை எழும்பி மிதித்தவர்களுக்கு அடுத்தது தெரியும். மிதித்தவுடன் முன்சில்லு இலேசாகி, ஹாண்டில் சொற்கேளாது. ஆர்முடுகும்போது பாரம் பின்னுக்குச் சாய்கிறது. கார் முன்சில்லால் இழுபட்டால், வேண்டிய நேரத்தில் பிடிமானம் கையைவிட்டுப் போகிறது. பின்சில்லால் தள்ளப்பட்டால் பிடிமானம் கூடுகிறது. பெரும்பாலான ரோட்ஸ்டர்கள் பின்சில்லால் ஓடுவதற்கு இது ஒரு காரணம். முன்னும் பின்னும் சரிபாதிப் பாரம் உள்ள சின்னக் காருக்குக் கணக்குப் போட்டால், பின்சில்லால் ஓடும்போது புவியீர்ப்பின் 0.64 பங்கு ஆர்முடுகல் வரை போகலாம். எஞ்சினை இருக்கைக்குப் பின்னால் வைத்து அறுபது வீதப் பாரத்தைப் பின்னுக்குக் கொண்டுவந்தால் 0.77 வரை. எலீஸும் பொக்ஸ்ரரும் எஞ்சினை நடுவில் வைத்திருப்பது வடிவுக்கு மட்டும் அல்ல. முதல் வகைக் காருக்குள் ஆயிரம் பரிவலுவைத் திணித்தாலும் சாதாரண ரயரோடு 4.4 செக்கனுக்குக் கீழே 100ஐத் தொடுவது கடினம். வீதியோரத்துக் கிறவலில் ஒரு சில்லு ஏறினால் அந்தக் கணக்கும் போச்சு.

ஆக ஓட்டம் இரண்டு கட்டம். தொடக்கத்தில் ரயர் எல்லை போடுகிறது, வேகம் கூடக்கூட எஞ்சின் எல்லை போடுகிறது. ஒரே வலுவுக்கு வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை பாதியாகும்.

இனி அந்தச் சராசரி. 1999இல் வந்த ஹொண்டா எஸ்2000க்கு இரண்டு லீற்றர் எஞ்சின், 240 பரிவலு, 1,250 கிலோ அளவு. சாரதியோடு தொன்னுக்கு 181. எலீஸைத் தூக்கிச் சாப்பிட வேண்டும் அல்லவா? ஆனால் அதன் நேரம் 6.2 செக்கன். காரணம், அந்த எஞ்சின் நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை போகும், ஆனால் 6,000 சுற்று அளவில்தான் அதன் இரண்டாவது குணம் விழிக்கும். அதுவரை அது சாதாரணக் கார். 240 என்பது உச்சிக்குப் பக்கத்தில் மட்டும் கிடைக்கிற எண். வீதியில் கிடைப்பது இடைப்பட்ட எல்லாச் சுற்றுகளின் சராசரி.

இதற்கு நேர் எதிர், வயலுக்குள் நிற்கிற லாண்ட்மாஸ்ரர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரம். பத்துப் பன்னிரண்டு பரிவலுதான், ஆனால் குறைந்த சுற்றிலேயே முறுக்கம், அதாவது திருகுகிற பலம், நிறைய. சேற்றுக்குள் கலப்பையை இழுக்கும். அதை ரோட்டில் ஓடவிட்டால் சைக்கிள்காரன் முந்திப் போவான். முறுக்கம் சில்லைத் தள்ளும். அதை எவ்வளவு கெதியாகத் தொடர்ந்து தள்ள முடியும் என்பது வலு. இரண்டையும் பொருத்திவிடுகிற தரகர் கியர்ப்பெட்டி. ஒவ்வொரு முறை கிளச்சை மிதிக்கும்போதும் தள்ளுவது நின்றுபோகிறது, அரைச் செக்கன் அளவு வீணாகிறது. இரண்டாம் கியரிலேயே 60 மைலைத் தொடும்படி சிலர் பற்களைக் கணக்குப் பார்த்து அமைப்பது இந்த அரைச் செக்கனுக்காகத்தான்.

பெரியப்பாவின் மைனருக்கு இந்த விளையாட்டு ஒன்றும் தெரியாது. ஆனால் எஸ்2000ஆல் முடியாத ஒன்றை அதன் இனம் செய்து காட்டியிருக்கிறது. 90களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் காணாமல் போனபோது யாழ்ப்பாணத்தின் ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சப் பெற்றோலைக் காட்டி ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள், ஏனென்றால் குளிரில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அது நெரித்தால் நேரத்துக்கு முந்தி வெடிக்கிற எண்ணெயும்கூட. பழைய எஞ்சின்கள் காற்றையும் எரிபொருளையும் ஏழு எட்டு மடங்குதான் நெரித்தன, அதனால் தட்டிக்கொண்டாவது தப்பின. எஸ்2000 நெரிப்பது 11 மடங்கு. இன்றைய எம்எக்ஸ்-5இன் சில எஞ்சின்கள் 13. கூட நெரித்தால் ஒரே துளியிலிருந்து கூட வலு கிடைக்கும், ஆனால் மண்ணெண்ணெயைக் காட்டினால் பிஸ்ரன் உடைந்துவிடும். வலுவுக்கு விலை, பொறுமையின்மை.

வெயிலும் கொஞ்சம் வலுவைத் தின்னும். எங்கள் 33 பாகையில் காற்று, 15 பாகைக் காற்றைவிட ஆறு வீதம் ஐதானது. எஞ்சினுக்கு அவ்வளவு ஒட்சிசன் குறைவு. ஆனால் கடல் மட்டத்தில் இருப்பது எங்களுக்கு வசதி. நுவரெலியாவுக்கு ஏறினால், குளிர் உதவியும் இங்கே இருப்பதைவிடப் 15 வீதம் அளவில் காற்று ஐதாகிவிடும்.

காற்றைக் குடிக்காத காருக்கு இந்தக் கவலை இல்லை. 2008இல் டெஸ்லா ரோட்ஸ்டர் வந்தது, எலீஸின் சட்டகத்தைத் தழுவிச் செய்த உடல். மின்கலம் மட்டும் 450 கிலோ, மொத்தம் 1,300 கிலோ. சவாரி வண்டிக்குள் நெல் மூட்டை ஏற்றியது போல. ஆனாலும் 60 மைலுக்கு 3.9 செக்கன். மின்மோட்டருக்குச் சுற்று ஏறும்வரை காத்திருக்கத் தேவையில்லை, நின்ற நிலையிலேயே முழு முறுக்கமும் தரும். முதலில் இரண்டு கியர் வைக்கப் பார்த்தார்கள், அந்தக் கியர்ப்பெட்டிகள் தாக்குப்பிடிக்கவில்லை. கடைசியில் ஒரே கியர். மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை என்றபடியால் அந்த அரைச் செக்கனும் மிச்சம்.

மிஞ்சியிருப்பது காற்றுத்தடை. 100இல் திறந்த ரோட்ஸ்டருக்கு அது 11 பரிவலு அளவுதான் கேட்கும். 200இல் எட்டு மடங்கு, 90 பரிவலு. எங்கள் வீதியில் கார்களுக்குச் சட்டம் விட்டது ஊருக்குள் 50, வெளியே 70 என்றபடியால் அந்தத் தொண்ணூறு நமக்குத் தேவைப்படாது.

போன சோளகக் காற்றுக் காலத்தில் பெரியப்பாவின் மைனரைப் பண்ணைப் பாலத்தில் மண்டைதீவுப் பக்கமாக விட்டுப் பார்த்தோம். நான் கைத்தொலைபேசியில் நேரம் பிடித்தேன். 60 கிலோமீற்றரைத் தொட்டபோது பார்த்த எண்ணை இங்கே எழுதினால் அவர் என்னோடு கதைக்க மாட்டார். "எதிர்க்காத்தடா," என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 60இல் போகும்போது 30 கிலோமீற்றர் எதிர்க்காற்று என்றால் காருக்குப் படுவது 90இன் காற்று, தடை இரண்டேகால் மடங்கு. இந்த முறையும் மனுசன் புளுகவில்லை. ஆனால் மைனரின் இழுவைக்கு அது பத்தில் ஒரு பங்கு கதைதான். மிச்சத்தை நான் சொல்லவில்லை.