தோணியில் ஏன் எழும்பக்கூடாது?

விடியற்காலையில் கல்லடிப் பாலத்தில் நின்றால், மட்டக்களப்பு வாவியில் வீச்சுவலை எறிபவர்களைப் பார்க்கலாம். ஒடுங்கிய தோணியில் ஒருவர் நின்று, இடுப்பைச் சுழற்றி வலையை எறிகிறார். தோணி சரிகிறது, மறுகணமே நிமிர்கிறது. அவருடைய முழங்கால்களைக் கவனியுங்கள். அவை ஒருபோதும் விறைப்பாக இருப்பதில்லை.

ஒரு பொருளின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் தாக்குவதாகக் கொண்டால், அந்தப் புள்ளிதான் புவியீர்ப்பு மையம். நிற்கும் மனிதருக்கு அது தொப்புளை அண்டி இருக்கும். 90 கிலோ தோணியின் மையம் அடித்தட்டிலிருந்து 20 சென்ரிமீற்றர் உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோ எடையுள்ளவர் தட்டில் குந்தியிருந்தால் அவரது மையம் சுமார் 30 சென்ரிமீற்றர்; இரண்டும் சேர்ந்த மையம் 24. அவர் எழுந்து நின்றால் அவரது மையம் 90 ஆகும். சேர்ந்த மையமோ 48. ஒரே அசைவில் இரு மடங்கு! "எழும்பாமல் இருங்கள்" என்று தோணிக்காரர் அதட்டுவதில் இவ்வளவு கணக்கு இருக்கிறது.

தரையில் விதி எளிது. மையத்திலிருந்து நேர்கீழே விழும் கோடு சக்கரங்களுக்கு உள்ளே இருக்கும்வரை வண்டி கவிழாது. சம்மாந்துறை வயல்களிலிருந்து வைக்கோல் ஏற்றிவரும் உழவு இயந்திரப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். சக்கர இடைவெளி 1.5 மீற்றர், மையம் 1 மீற்றர் உயரம் என்றால் ஏறக்குறைய 37 பாகை சரியும்வரை தாங்கும். மலைபோல அடுக்கி மையத்தை 1.5 மீற்றருக்கு உயர்த்தினால் 27 பாகைக்குள் கவிழ்ந்துவிடும். கிறவல் வீதியின் குழியும் திருப்பமும் அதற்கும் முன்பே கவிழ்த்துவிடக்கூடும்.

தண்ணீரில் கதை வேறு, இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தோணி சரியும்போது அமிழ்ந்த பக்கம் கூடுதலான நீரை விலக்குகிறது. மேலுதைப்பின், அதாவது நீர் மேல்நோக்கித் தள்ளும் விசையின், மையம் அந்தப் பக்கமாக நகர்ந்து தோணியைத் திருப்பி நிமிர்த்துகிறது. அடி கனமாக இருந்தால்தான் கவிழாது என்பது பாதி உண்மையே. குருமண்வெளியில் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றி மண்டூருக்குக் கடக்கும் 'பாதை' என்ற தட்டையான மிதவையில் பாரமெல்லாம் மேல்தட்டில்தான் இருக்கிறது. அதைக் காப்பது அகலம். நீளமும் பாரமும் மாறாமல் அகலத்தை இரட்டித்தால், சரிவின்போது மேலுதைப்பின் மையம் நகரும் தூரம் எட்டு மடங்காகும். ஆனால் எல்லோரும் ஒரே ஓரத்துக்கு ஓடினால் புவியீர்ப்பு மையமும் அவர்களோடு நகரும். அந்த அகலமும் கைவிட்டுவிடும்.

வலை விழுந்ததும் தோணிக்காரர் குந்திவிடுகிறார். மீனும் ஈயக் குண்டுகளும் ஒரு பக்கம் இழுக்க, உடலை மறுபக்கம் சாய்த்து முழம் முழமாக வலையை ஏற்றுகிறார்.