ஆறு மணி பஸ்

போன வருடம் எங்கள் பள்ளியின் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குறுவட்டப் போட்டியில் 400 மீட்டர் ஓடி முதலிடம் பிடித்தாள். மாவட்டப் போட்டி சிந்தெடிக் தடத்தில், அதாவது ரப்பர் மாதிரியான செயற்கைத் தரையில் நடந்தது. பதினொரு மணி வெயிலில் அந்தத் தரை தோசைக்கல் மாதிரி காயும். மற்றவர்கள் ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி வைத்த ஓட்டப்பந்தய ஷூ) மாட்டிக்கொண்டு நிற்க, இவள் வெறுங்காலோடு ஓடி ஐந்தாவதாக வந்தாள். உள்ளங்காலில் ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம். "வலி தாங்கிக்கிட்டேன் சார், வளைவுலதான் காலு நிக்கல" என்றாள்.

இருபத்திரண்டு வருடமாக அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். திறமை இருந்தால் எப்படியும் மேலே வந்துவிடுவார்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் கொப்புளம்தான் ஞாபகம் வருகிறது.

சரி, ஷூ இல்லாதது கண்ணுக்குத் தெரியும். அதனால் யாராவது வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். அவளுக்கும் ஒருவர் கொடுத்தார். மூன்றே வாரத்தில் பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். காரணம் பஸ்.

மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் உண்டு. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. ஆனால் அவள் ஊருக்கு மாலை 4.40க்கு ஒரு பஸ், அதை விட்டால் ஏழு மணிக்குத்தான். எங்கள் மாலைப் பயிற்சி இரண்டுக்கும் நடுவில். பையன்கள் யார் வண்டியிலாவது தொற்றிக்கொண்டு போய்விடுவார்கள். இருட்டில் இறங்கி ஒரு கிலோமீட்டர் தனியாக நடந்து வா என்று பெண் பிள்ளையிடம் எந்த அம்மா சொல்வார்?

அப்புறம் சோறு. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. மதியச் சத்துணவு பத்தாம் வகுப்பு வரை. 19 வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஓட வேண்டிய பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைக்கு இரண்டும் கிடையாது. காலை ஆறு மணிப் பயிற்சியில் மூன்றாவது ஓட்டத்திலேயே கண் இருட்டுகிறது என்று உட்கார்ந்த பிள்ளைகளை, ஸ்டாமினா இல்லை என்று ஆரம்ப காலத்தில் நானே ஒதுக்கியிருக்கிறேன். அது இன்றும் மனசை உறுத்துகிறது. இப்போது முதலில் கேட்பது, "காலையில என்னம்மா சாப்பிட்ட?"

மதுரை சக்கிமங்கலம் ரேவதி வீரமணி டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் ஓடியபோது, வெறுங்காலில் ஓடிப் பழகிய பெண் என்று நாம் எல்லோரும் வியந்தோம். தாய் தந்தை இல்லாத பேத்திகளைக் கூலி வேலை செய்து வளர்த்த பாட்டி ஆரம்மாளையும், கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்க வழிசெய்த பயிற்சியாளர் கண்ணனையும் நான் அதைவிடப் பெரிதாக நினைக்கிறேன். அப்படி ஒரு பாட்டியோ பயிற்சியாளரோ கிடைக்காத பிள்ளைகள் என் வகுப்பில் நிறையப் பேர்.

எங்கள் முன்னாள் மாணவர்கள் கூடிப் பேசி, வாரம் நான்கு நாள் அவித்த முட்டையும் சுண்டலும் கொடுக்கிறார்கள். பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் பெயரில் பஸ் நேரத்துக்காக மனு கொடுத்தோம். மூன்றாவது மனுவுக்குப் பிறகு ஏழு மணி நடையை ஆறு மணிக்கு மாற்றித் தந்தார்கள். அந்த வாரமே ஒன்பது பெண்கள் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தார்கள்.

400 மீட்டர்காரியும் திரும்பி வந்துவிட்டாள். போன வருடத்து ஸ்பைக்ஸ் இப்போது காலைக் கடிக்கிறது. ஒரு சைஸ் பெரியதாகத் தேடிக்கொண்டிருக்கிறோம். உங்கள் பிள்ளைக்குச் சிறிதாகிப்போனது வீட்டில் கிடந்தால், பக்கத்து அரசுப் பள்ளியின் பி.இ.டி. சாரிடம் கொடுத்துவிடுங்கள்.