சோலார் ஹீட்டர் வாங்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்

கோவையில் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில் போன மாதம் சோலார் ஹீட்டரின் கண்ணாடி டியூப்களைக் கழற்றினேன். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சாண் உயரத்துக்குச் சுண்ணாம்பு. பொருத்தி மூன்று வருடம்தான் ஆகிறது. "வெயில் இப்படிக் காயுது, தண்ணி மட்டும் சூடாக மாட்டேங்குதே" என்றார் அந்த அம்மா. வெயிலில் குறையில்லை. அவர்கள் வீட்டுக்கு வருவது ஆயிரம் அடி போர் தண்ணீர். அதே மாதிரி ஹீட்டர் சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளில் பத்து வருடம் தாண்டியும் ஓடுகிறது.

வாங்க வருபவர்கள் விலையையும் லிட்டரையும் கேட்கிறார்கள். தண்ணீரின் கடினத்தன்மையை, அதாவது டியூபில் சுண்ணாம்பாகப் படியும் உப்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதை, யாரும் சொல்வதில்லை. குடிநீருக்கான இந்தியத் தரம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கிறது. வேறு வழியில்லை என்றால் 600 வரை. உங்கள் போர் தண்ணீரை ஒரு ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். டிடிஎஸ் மீட்டரில் வரும் எண் கரைந்திருக்கும் எல்லா உப்புகளுக்கும் சேர்த்து, கடினத்தன்மை வேறு. அதைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. கண்ணாடி டியூப் உள்ள டியூப் டைப்பில் உப்பு படிகிறது என்று கேள்விப்பட்டு, கூடுதல் பணம் கொடுத்து, தட்டையான பேனலுக்குள் செம்புக் குழாய் உள்ள பிளேட் டைப்புக்குப் போகிறார்கள். அந்தச் செம்புக் குழாய்கள் அரை அங்குல அளவுதான், சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். டியூபையாவது கழற்றிக் கழுவலாம், இதைச் சுத்தம் செய்வது பெரும்பாடு. உப்புத் தண்ணீருக்கு பிளேட் டைப்தான் வேண்டுமென்றால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் உள்ளதை மட்டும் வாங்குங்கள். அதில் பேனலுக்குள் சுற்றும் நீர் தனி, நீங்கள் குளிக்கும் நீர் தனி. பிரஷர் பம்ப் வைத்த வீட்டுக்கும் இதுவே சரி. சாதாரண டியூப் டைப்பின் ரப்பர் சீல் அந்த அழுத்தத்தைத் தாங்காது, ஒழுகும்.

மின்சாரக் கணக்குக்கு வருவோம். 100 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக சாதாரண கீசருக்கு 4 யூனிட்டுக்குச் சற்று மேல் வேண்டும். ஹீட் பம்ப் காற்றில் இருக்கும் வெப்பத்தை இழுத்துக் கொடுப்பதால் ஏறக்குறைய ஒன்றரை யூனிட்டில் முடித்துவிடும். மழையானாலும் இரவானாலும் ஓடும். மொட்டை மாடியில் பங்கில்லாத அடுக்குமாடி வீடுகளுக்கு நான் சொல்வது இதைத்தான். ஏசியின் வெளி யூனிட் போலச் சத்தம் வரும், காற்றோட்டமான இடம் வேண்டும். படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே மட்டும் மாட்டிவிடாதீர்கள்.

கூரையில் சோலார் மின் பேனல் போட்டு, பகலில் கீசரை ஓட்டுவது இன்னொரு வழி. நம் ஊரில் 1 கிலோவாட் பேனல் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். வெந்நீருக்கு மட்டும் என்றால் அது வீண் செலவு. ஆனால் 2024இல் தொடங்கிய பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. வீட்டுக்கே பேனல் போடப் போகிறீர்கள், தண்ணீரும் கடுமையான உப்பு என்றால், தனியாகச் சோலார் ஹீட்டர் வேண்டாம் என்றே சொல்வேன். கீசரிலும் உப்பு படியும், ஆனால் அதன் காயிலை மாற்றுவது சின்னச் செலவு.

சரி, எதை வாங்கினாலும் குளியலறை எவ்வளவு தூரம் என்று பாருங்கள். முக்கால் அங்குலக் குழாய் 15 மீட்டர் ஓடினால் ஏறக்குறைய 4 லிட்டர் ஆறிய தண்ணீரைத் திறந்துவிட்ட பிறகுதான் சூடு வரும். குழாய்க்கு மேலே இன்சுலேஷன் சுற்றாமல் விட்ட வீடுகள்தான் நான் பார்ப்பதில் அதிகம்.

அப்புறம், வெயில் இல்லாத நாளில் சோலார் ஹீட்டர் தொட்டியைக் கரண்டில் சூடாக்கும் அந்த பேக்கப் சுவிட்ச். ஐப்பசி மழையில் போட்டுவிட்டு அப்படியே மறந்துவிடுகிறார்கள். விடியும்போதே தொட்டி முழுக்கக் கரண்டில் சூடாகி நிற்கும், வெயிலுக்கு அங்கே வேலையே இருக்காது. முந்தின நாள் மூட்டமாக இருந்தால் மட்டும், குளிப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் போடுங்கள். குளிக்கப் போகும்போதே அணைத்துவிடுங்கள்.